மரவள்ளியும் மக்கரோனியும்



வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன முடியும் கொடியும், போரும் உடன்படிக்கையுமே. ஆனால் ஒரு நாட்டு மக்கள் நாள்தோறும் எதை உண்டார்கள், ஏன் அதை உண்டார்கள், எதை உண்ண மறுத்தார்கள் என்னும் வினாக்களுக்கும் வரலாற்றில் இடம் உண்டு. பேரரசின் வீழ்ச்சியை அரண்மனையில் இருப்போர் அறிவதற்கு முன்பே அடுக்களையில் இருப்போர் அறிந்துவிடுவார்கள். அரிசிப் பானையின் அடி தெரியும் நாளே அவர்களுக்கு வரலாறு தெரியும் நாள்.

மாலை உணவுக்குக் குடும்பத்தோடு அமர்ந்து உண்ணும் ஒரு பண்டத்தை இன்று எடுத்துக்கொள்வோம். அது வேகவைத்த மக்கரோனியைக் காய்கறியோ கறியோ சேர்த்து, பாலும் முட்டையும் ஊற்றி, மேலும் கீழும் சூடு படும்படி வாட்டி எடுக்கும் உணவு. இத்தாலி நாட்டில் பிறந்து, இங்கிலாந்து வழியாகச் சென்னைக்கு வந்த இப்பண்டத்துக்கும், கம்பும் கேழ்வரகும் விளையும் சேலம், நாமக்கல் சமவெளிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. அத்தொடர்பு பசியால் ஏற்பட்டது. அதைத்தான் இன்று காணப்போகின்றோம்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். வடக்கே சேர்வராயன் மலை, கிழக்கே கல்வராயன் மலை, தெற்கே கொல்லிமலை, மேற்கே காவிரி. இவற்றுக்கு இடையே பரந்து கிடப்பது இச்சமவெளி. திருமணிமுத்தாறும் சரபங்காவும் மழைக்காலத்தில் பெருகிப் பிற நாளில் மணலாய்க் கிடக்கும். 1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை எழுந்தது. ஆனால் அணையின் நீரால் பெரிதும் பயனடைந்தது தொலைவில் உள்ள தஞ்சைத் தரணியே. அணையைத் தன் எல்லைக்குள் கொண்டிருந்தும், சேலம் மாவட்டத்தின் மேட்டு நிலங்கள் வானத்தையும் கிணற்றையுமே நம்பியிருந்தன. ஆதலால் இங்கே சோளமும் கம்பும் கேழ்வரகும் அன்றாட உணவாயின. நெற்சோறு பலருக்கு விருந்து நாளின் உணவாகவே இருந்தது.

அவ்விருந்து நாளில் கொங்கு நாட்டு வீடுகளில் செய்யப்பெறும் சிறப்பான பண்டம் சந்தகை. சந்தவை என்றும் சிலர் கூறுவர். அரிசியை ஊறவைத்து அரைத்து, இட்டலி போல ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் இட்டுப் பிழிவார்கள். மூன்று கால்களையுடைய இரும்புச் சட்டம், அதன் நடுவே துளையிட்ட உழக்கு, மேலே திருகு. ஒருவர் அடுப்பிலிருந்து எடுத்துத் தருவார். ஒருவர் சட்டம் அசையாமல் பிடித்துக்கொள்வார். ஒருவர் வலிந்து திருகுவார். வீட்டுப் பிள்ளைகள் தட்டை ஏந்துவார்கள். பிழிந்த இழைகளோடு தேங்காய்ப் பாலும் வெல்லமும் சேர்த்து உண்பதுண்டு. எள்ளுப் பொடி தூவி உண்பதுண்டு. நாட்டுக் கோழிக் குழம்பு ஊற்றி உண்பதும் உண்டு. அரிசிக்கு மாற்றாகக் கேழ்வரகிலும் கம்பிலும் சந்தகை பிழிவதுண்டு.

சந்தகைக்கும் இடியப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே மனத்தில் கொள்ளவேண்டும். இடியப்பத்தில் மாவை முதலில் பிழிந்து பின்னர் வேகவைக்கின்றோம். சந்தகையில் முதலில் வேகவைத்துப் பின்னர் பிழிகின்றோம். வெந்த மாவு ஆறினால் இறுகிவிடும். இறுகினால் அச்சில் இறங்காது. ஆகவே வேகவைப்பதும் பிழிவதும் ஒரே மூச்சில் நடைபெற வேண்டும். தனி ஒருவரால் இதைச் செய்வது அரிது. ஒரு குடும்பம் கூடி நின்றால்தான் உருவாகும் உணவு என்று இதைச் சொல்லலாம்.

மாவை இழையாக்கி உண்ணும் பழக்கம் மிகத் தொன்மையானது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், அப்ப வாணிகர் பாகோடு சேர்த்துச் செய்த, இழைகள் சூழ்ந்த வட்டமான அப்பம் பாலில் கிடக்கும் காட்சி உவமையாக வருகின்றது. தமிழகத்தில் இத்தகைய உணவு கடைத்தெருவில் விற்கும் அளவுக்கு அன்றே பரவியிருந்தது என்பது இதனால் விளங்கும். சீன நாட்டில் லாஜியா என்னும் இடத்தில், மண்ணுள் புதைந்து கவிழ்ந்து கிடந்த ஒரு கிண்ணத்தின் அடியில் ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முற்பட்ட நூலிழை உணவு கிடைத்ததாக 2005-ஆம் ஆண்டில் அறிஞர்கள் அறிவித்தார்கள். அது தினையும் பனிவரகும் கொண்டு செய்யப்பெற்றது என்பது அவர்கள் கண்ட முடிவு. கொல்லிமலைச் சாரலில் இன்றும் விளையும் தினை, சீனத்துக் கிண்ணத்திலும் இழையாகிக் கிடந்தது என்பது வியப்பைத் தருகிறதன்றோ?

மேலை நாட்டாரின் இழை உணவு கோதுமையால் ஆனது. மார்க்கோ போலோ என்னும் வெனிசு நகர வணிகர் சீனத்திலிருந்து அதை இத்தாலிக்குக் கொண்டுவந்தார் என்று பலர் நம்புகின்றனர். அது பிழையான கதை. அவர் ஊர் திரும்பியது 1295-இல். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னரே, 1154-இல், சிசிலித் தீவின் மன்னர் இரண்டாம் ரோஜருக்காக நில நூல் எழுதிய அல் இத்ரீசி என்னும் அராபிய அறிஞர், பலேர்மோவை அடுத்த திராபியா என்னும் ஊரில் கோதுமை இழை உணவு மிகுதியாகச் செய்யப்பெற்றுக் கப்பல்களில் ஏற்றுமதியாவதைக் குறித்துள்ளார். காய்ந்த இழை உணவு மாதக் கணக்கில் கெடாது. கடலோடிகளுக்கும் வணிகர்க்கும் அதனால்தான் அது விருப்பமான பொருளாயிற்று.

கோதுமை இழை மட்டும் காய்ந்தபின்னும் உறுதியாக நிற்பதற்குக் காரணம் என்ன? கோதுமை மாவில் நீர் சேர்த்துப் பிசையும்போது பசை போன்ற ஒரு புரதம் வலைபோல விரிகின்றது. இதைக் குளூட்டன் என்பர். மாச்சத்தின் துகள்கள் அவ்வலைக்குள் அகப்பட்டுக்கொள்கின்றன. கொதிநீரில் இட்டாலும் வலை அறுவதில்லை. அரிசியிலும் கேழ்வரகிலும் மரவள்ளியிலும் இவ்வலை இல்லை. ஆதலால் நம் முன்னோர் வேறு வழியைக் கண்டனர். மாச்சத்தை ஆவியில் வேகவைத்தால் அதுவே பசையாகித் தன்னைத் தானே பிணைத்துக்கொள்ளும். இடியப்பமும் சந்தகையும் இவ்வறிவின் பயன்கள். ஒன்று புரதத்தின் பிணைப்பு. மற்றொன்று வெந்த மாச்சத்தின் பிணைப்பு. பின்னால் நாம் காணப்போகும் ஒரு முயற்சியை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாடு துணை செய்யும்.

இத்தாலியர் இழையோடு நில்லாமல் குழலும் செய்தனர். அச்சின் துளை நடுவே ஓர் ஊசியை நிறுத்தினால் மாவு அதைச் சுற்றி வழிந்து குழலாகின்றது. அதுவே மக்கரோனி. குழலுக்குள் குழம்பு புகுந்து நிற்கும். சூளையில் வைத்து வாட்டினாலும் உள்ளே ஈரம் காயாது. வாட்டிச் செய்யும் உணவுக்கு மக்கரோனி ஏற்றதாயிருப்பதன் காரணம் இது. இங்கிலாந்தில் எலிசபெத் ராபல்டு என்னும் பெண்மணி 1769-இல் வெளியிட்ட சமையல் நூலில் பாலாடைக்கட்டி சேர்த்த மக்கரோனி இடம்பெற்றது. ஆங்கிலேயர் சென்ற இடமெல்லாம் அதுவும் சென்றது. சென்னைக் குதிரைப்படையில் பணியாற்றிய கென்னி ஹெர்பர்ட் என்பார், வைவர்ன் என்னும் புனைபெயரில் 1878-இல் சென்னைக்கெனவே ஒரு சமையல் நூல் எழுதி வெளியிட்டார். அதில் மக்கரோனி சமைக்கும் முறையும் உண்டு. ஆனால் அந்நாளில் மக்கரோனி துரைமார் மேசையில் மட்டுமே இருந்தது. தகர டப்பாவில் கப்பலேறி வரும் பொருளுக்குச் சேலத்துக் குடியானவர் வீட்டில் என்ன வேலை?

வேலை வந்தது 1942-ஆம் ஆண்டில். அவ்வாண்டு பிப்ரவரித் திங்கள் 15-ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியர் கையில் வீழ்ந்தது. மார்ச்சுத் திங்களில் இரங்கூன் வீழ்ந்தது. போர்முனைக்கு நெடுந்தொலைவில் இருந்த தமிழகத்திலும் அதன் விளைவு உடனே தெரிந்தது. பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி அடியோடு நின்றது. அடுத்த ஆண்டில் வங்காளத்தில் தலைவிரித்தாடிய பஞ்சத்தில் ஏறத்தாழ முப்பது இலட்சம் மக்கள் மாண்டனர் என்று வரலாற்றறிஞர் மதிப்பிடுகின்றனர். சென்னை மாகாணத்திலும் பங்கீடு வந்தது. அரிசிக் கடைமுன் வரிசைகள் நீண்டன.

சிங்கப்பூரின் வீழ்ச்சியால் இன்னொரு பொருளும் நின்றது. அது ஜவ்வரிசி. மலேயாவிலும் அதைச் சூழ்ந்த தீவுகளிலும் வளரும் சேகோ என்னும் பனையின் தண்டிலிருந்து எடுத்த மாவை மணிகளாக்கி அனுப்பிவந்தனர். நோயாளிக்குக் கஞ்சியாகவும், திருமணத்தில் பாயசமாகவும், வடநாட்டில் நோன்பு உணவாகவும் பயன்பட்ட அப்பொருள் கடைகளில் கிடைக்காமற் போயிற்று.

இவ்விடத்தில்தான் மரவள்ளி வரலாற்றுக்குள் நுழைகின்றது. இது தென் அமெரிக்காவில் தோன்றிய செடி. போர்ச்சுக்கீசியரால் நம் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர், பஞ்சத்தைத் தாங்கும் பயிர் என்று கருதி, அதைத் தம் நாட்டில் பரப்பினார். வறட்சியைத் தாங்கும், ஏழை மண்ணிலும் விளையும், குச்சியை வெட்டி நட்டால் முளைக்கும். அதனாலேயே சேலத்து மக்கள் இதைக் குச்சிக்கிழங்கு என்பர். செம்மண் மேட்டுக்கும் குறைந்த மழைக்கும் ஏற்ற பயிராய் இது சேலம், ஆத்தூர், இராசிபுரம் பகுதிகளில் வேரூன்றியது.

சேலத்தில் மீன் வணிகம் செய்துவந்த மாணிக்கம் செட்டியார் என்பவர் தொழில் நிமித்தம் கேரளம் சென்றபோது, மலேயாவின் பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷா என்பவரைச் சந்தித்தார் என்றும், அவரிடமிருந்து மாவும் ஜவ்வரிசியும் செய்யும் நுட்பத்தை அறிந்து 1943-இல் சேலத்தில் தொழிலைத் தொடங்கினார் என்றும் இத்தொழிலின் வரலாற்றைத் தொகுத்தோர் கூறுவர். பனை இல்லாத ஊரில் கிழங்கே பனைக்கு ஈடாயிற்று. வெங்கடாசலக் கவுண்டர் என்னும் கைதேர்ந்த பொறிவினைஞர் கருவிகளைத் திருத்தியமைத்தார் என்றும், நாளொன்றுக்கு 2 மூட்டையாக இருந்த ஆக்கம் 25 மூட்டையாக உயர்ந்தது என்றும் அவர்கள் குறித்துள்ளனர்.

செய்முறை எளியது, உழைப்பு மிகுந்தது. கிழங்கைக் கழுவித் தோலுரித்து அரைப்பார்கள். அரைத்ததை நீரூற்றி வடிகட்டினால் பால் இறங்கும். எஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அது கால்நடைத் தீவனமாகும். பால் தொட்டியில் தெளிந்ததும் அடியில் மாவு உறையும். ஈரம் சற்றே உலர்ந்த மாவைப் பொடியாக்கிக் குலுக்கினால் மணி திரளும். மணிகளைச் சலித்து, சூடான தட்டில் வறுத்து, வெயிலில் உலர்த்துவார்கள். வறுக்கும்போது மணியின் மேற்புறம் வெந்து பசையாகி இறுகுகின்றது. சந்தகைக்குச் சொன்ன அதே பிணைப்பு இங்கும் உண்டு. கிழங்கில் இயல்பாக உள்ள நச்சுப் பொருளும் நீரில் கழுவப்பெற்றும் சூட்டில் ஆவியாகியும் நீங்குகின்றது.

ஆனால் இத்தொழிலுக்கும் ஓர் அறச்சிக்கல் வந்தது. நாட்டில் பஞ்சம் நிலவுகையில், ஏழைகள் அவித்து உண்ணும் கிழங்கை ஆலையில் அரைத்து வெளியூருக்கு விற்பது முறையா? 1944-இல் மாவட்ட ஆட்சியர் இவ்வினாவை எழுப்பி, கிழங்கு உணவுக்கே உரியது என்று கருதித் தடை விதித்தார் என்றும், தொழில் செய்தோர் சங்கமாகக் கூடி அரசிடம் முறையிட்டுத் தளர்வு பெற்றனர் என்றும் அறிகின்றோம். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. பசித்தவனுக்குக் கிழங்கு வேண்டும். கிழங்கு விளைவித்தவனுக்கு விலை வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே காப்பது எப்படி என்பது அன்றும் இன்றும் ஆட்சியாளர் முன் நிற்கும் வினா.

நாடு விடுதலை பெற்றது. அரிசிப் பஞ்சம் உடனே விடைபெறவில்லை. 1950-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21-ஆம் நாள் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் செலுவாம்பா மாளிகையில் திறக்கப்பெற்றது. அதன் முதல் இயக்குநர் டாக்டர் வி. சுப்பிரமணியன். அரிசி போதாத நாட்டில் அரிசிக்கு மாற்று என்ன என்பது அந்நிலையத்தார் எடுத்துக்கொண்ட முதற் பணிகளுள் ஒன்று. மரவள்ளி மாவும் நிலக்கடலை மாவும் கோதுமை ரவையும் கலந்து, மக்கரோனி செய்யும் பொறியிலிட்டு, அரிசி போன்ற மணிகளாகவும் குழல்களாகவும் அவர்கள் வார்த்தெடுத்தனர். மரவள்ளி மக்கரோனி என்று அதற்குப் பெயர். துரைமார் மேசையில் இருந்த மக்கரோனி, இவ்வாறு ஏழையின் பசிக்கு மருந்தாகும் முயற்சியில் இறங்கியது.

அக்கலவையின் கணக்கைப் பாருங்கள். மரவள்ளி மாவு 60 பங்கு, நிலக்கடலை மாவு 15 பங்கு, கோதுமை ரவை 25 பங்கு. மரவள்ளி மாவில் புரதம் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். எண்ணெய் பிழிந்த கடலை மாவிலோ ஏறத்தாழப் பாதி புரதம். ஆகவே 15 பங்கு கடலை மாவு 7 பங்கு புரதம் தரும். ரவையிலிருந்து 2 அல்லது 3 பங்கு கிடைக்கும். கூட்டினால் நூற்றுக்கு ஏறத்தாழ 10. தீட்டிய அரிசியில் உள்ளதோ 6 அல்லது 7. அரிசியைவிட ஊட்டம் மிக்க ஒரு பண்டம், அரிசியே இல்லாமல் உருவாயிற்று! ரவையின் வலையும், வெந்த மாச்சத்தின் பசையும் ஒன்றுசேர்ந்து அதைக் குலையாமல் நிறுத்தின. சிசிலித் தீவின் வழியும் சந்தகையின் வழியும் ஒரே அச்சில் கலந்தன எனலாம். குழந்தைகளுக்குக் கொடுத்தும் அந்நிலையத்தார் ஆராய்ந்தனர். அதன் பயன் நல்லதே என்று கண்டனர்.

எனினும் அது மக்களின் அன்றாட உணவாக நிலைபெறவில்லை. ஏன்?

விடை காண்பதற்கு, அதே காலத்தில் நிலைபெற்ற பண்டங்களை அருகில் வைத்துப் பார்க்கவேண்டும். போர்க்காலத்தில் அரிசி அருகியபோது தென்னாட்டுக்குக் கோதுமை ரவை வந்தது. நம் பெண்டிர் அதைக் கடுகு தாளித்து உப்புமா ஆக்கினர். பெங்களூரின் மாவள்ளி உணவகத்தார், ரவை இட்டலி அக்காலத்தில் தம் அடுக்களையில் பிறந்ததென்று கூறுவர். சேமியா பாயசத்திலும் உப்புமாவிலும் இடம்பிடித்தது. ஜவ்வரிசி வடகமாகவும் பாயசமாகவும் வீடுகளில் புகுந்தது. இவற்றுள் எதுவும் தன்னை அரிசி என்று சொல்லிக்கொள்ளவில்லை. தம் பெயரோடு வந்தன. தமக்குரிய இடத்தைப் பெற்றன.

அரிசி உருவில் வார்த்த மரவள்ளியோ சோற்றுக்கு மாற்றாக வந்தது. தமிழன் சோற்றை நாவால் மட்டும் அறிவதில்லை; விரலாலும் அறிவான். பிசையும் பதம், குழம்பை ஏற்கும் தன்மை, மறுநாள் பழையதாகும் இயல்பு ஆகிய அனைத்தையும் சேர்த்தே சோறு என்கின்றோம். இவை இல்லாத ஒன்றை அரிசியோடு ஒப்பிட்டால், ஊட்டத்தில் வென்றாலும் அது தோற்ற பண்டமாகவே தோன்றும். இன்னொன்றும் உண்டு. செல்வர் அரிசி உண்ண, ஏழைக்கு மட்டும் மாற்றரிசி என்றால், அவ்வுணவில் ஊட்டத்தோடு இழிவும் கலந்துவிடுகிறது. பசித்தவனுக்கும் மானம் உண்டு. அறிவியலார் ஊட்டத்தைக் கணக்கிட்டனர். மானத்தை அளக்கும் தராசு ஆய்வுக்கூடத்தில் இல்லை. 1952-இல் சென்னை மாநில முதலமைச்சராயிருந்த இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். பங்கீட்டு வரிசையைக் காட்டிலும் கடைத்தெருவையே மக்கள் விரும்பினர் என்பதை அந்நடவடிக்கைக்குக் கிடைத்த வரவேற்பு காட்டியது.

ஆயினும் மைசூர் அறிஞரின் உழைப்பு வீண் என்று எண்ணிவிடாதீர்கள். நிலக்கடலை மாவால் ஊட்டம் கூட்டும் நெறி, குழந்தைகளுக்கான சத்துணவுகள் பலவற்றுக்கு வழிகாட்டியது. உண்போர் விருப்பத்தையும் அறிந்து உணவு வகுக்கவேண்டும் என்னும் பாடமும் கிடைத்தது.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுவேன். சேலத்து ஜவ்வரிசித் தொழில் வளர்ந்தது. சிறு ஆலையாளர் விலை வீழ்ச்சியால் வருந்திய நிலையில், 1981-இல் சேகோசர்வ் எனப்படும் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. மராட்டியத்திலும் குசராத்திலும் நோன்பிருப்போர் உண்ணும் ஜவ்வரிசியில் பெரும்பகுதி சேலம், நாமக்கல் பகுதிகளிலிருந்து செல்கின்றது. பஞ்சத்தில் பிறந்த தொழில், விரும்பிப் பசித்திருப்போர்க்கு உணவளிக்கின்றது! 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1997 சனவரி முதல் நாள் தனி மாவட்டமான நாமக்கல், முட்டைக்கு நாடறிந்த ஊராயிற்று. 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989-இல் முட்டை சேர்க்கப்பெற்றது. கிழங்கு தராத புரதத்தை முட்டை தந்தது. கடலை மாவால் மைசூர் அறிஞர் நிரப்ப முயன்ற குறையை, பிள்ளைகள் விரும்பி உண்ணும் ஒரு பண்டம் நிரப்பியது.

இன்று சேலத்துக் கடைத்தெருவில் மக்கரோனி மளிகைப் பொருள்களோடு ஒன்றாகக் கிடக்கின்றது. யாரும் ஆணையிடவில்லை, மக்களே ஏற்றுக்கொண்டனர். தாளித்து உப்புமா போலச் செய்வோர் பலர். வாட்டிச் செய்யும் முறையையும் ஒருமுறை வீட்டில் முயன்று பாருங்கள். ஐவர்க்கு 250 கிராம் மக்கரோனி போதும். இரண்டரை லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து உப்பிட்டு, மக்கரோனியை முக்கால் பதமாக வேகவைத்து வடித்துவிடுங்கள். முழுதும் வெந்தால் பின்னால் குழைந்துவிடும். இரண்டு வெங்காயம், நான்கு தக்காளி, சிறிது பூண்டு, மிளகுத்தூள் இவற்றை எண்ணெயில் வதக்கி, பொடியாய் நறுக்கிய காய்கறியையோ கொத்துக்கறியையோ கால் கிலோ சேர்த்து வேகவைத்துக்கொள்ளுங்கள். வேறொரு பாத்திரத்தில் இரண்டு கரண்டி வெண்ணெயில் இரண்டு கரண்டி மைதாவை வறுத்து, 400 மில்லி லிட்டர் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறினால் கெட்டிப் பால் கிடைக்கும். சூடு தணிந்தபின் இரண்டு முட்டைகளை அடித்துச் சேர்க்கவேண்டும். கொதிக்கும்போது சேர்த்தால் முட்டை திரிந்துபோகும். எல்லாவற்றையும் கலந்து, வெண்ணெய் தடவிய தட்டில் பரப்பி, மேலே ரஸ்க்குத் தூள் தூவுங்கள். பாலாடைக்கட்டி கிடைத்தால் துருவி இடலாம்.

வாட்டும் அடுப்பு இருந்தால் 180 பாகைச் சூட்டில் அரை மணி நேரம் வையுங்கள். இல்லையேல் கனத்த பானையின் அடியில் மணல் பரப்பிக் காய்ச்சி, நடுவே ஒரு முக்காலி வைத்து, அதன்மேல் தட்டை இறக்கி மூடி, முக்கால் மணி நேரம் சிறு தீயில் விடுங்கள். மூடிமேல் சில தணற்கங்குகளை வைத்தால் மேற்புறமும் சிவக்கும். அந்நாளில் ஆங்கிலேயர் வீட்டுச் சமையற்காரர்கள் கையாண்ட முறை இதுவே. இறக்கியவுடன் வெட்டாமல் பத்து நிமிடம் ஆறவிட்டால் துண்டுகள் உதிராமல் வரும். முட்டை இறுகியும், மக்கரோனி குழம்பைக் குடித்தும் ஒன்றாய்ப் பிணைந்திருக்கும்.

மாணவ நண்பர்களே! உணவை மாற்றுவது சட்டத்தினால் மட்டும் ஆவதன்று. சமைப்பவர் உள்ளம் இசையவேண்டும். பஞ்சம் ஒரு பண்டத்தை வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தும். அதை உள்ளே அழைப்பவர் அடுக்களைக்கு உரியவரே. இந்நாட்டில் ஊட்டக் குறைவு இன்னும் முற்றும் நீங்கவில்லை. நாளை உங்களுள் சிலர் வேளாண் அறிஞராகலாம். சிலர் உணவு நூல் வல்லுநராகலாம். சிலர் ஆட்சிப் பொறுப்பில் அமரலாம். ஏழைக்கு இன்னது நல்லது என்று முடிவு செய்யும் அதிகாரம் உங்கள் கைக்கு வரும் நாளில், முதலில் அவர் வீட்டு அடுப்பில் என்ன வேகின்றது என்று கேட்டறியுங்கள்.

அதற்கான பயிற்சியை இன்றே தொடங்கலாம். உங்கள் வீட்டிலும் அண்டை வீட்டிலும் உள்ள பாட்டிமார்களிடம் செல்லுங்கள். பங்கீட்டு நாள்களைப் பற்றித் தம் பெற்றோர் சொல்லக் கேட்டதை அவர்கள் சொல்லுவார்கள். எந்த ஆண்டில் எந்தக் கிழங்கை அவித்தார்கள், எந்த மாவில் சந்தகை பிழிந்தார்கள், எதைக் கொடுத்தும் உண்ண மறுத்தார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். அரசின் ஏடுகளில் அரிசியின் அளவு உண்டு. பசித்த வீட்டில் தாய் எதைக் கொண்டு பிள்ளைகளைத் தேற்றினாள் என்னும் செய்தி அங்கே இல்லை. அது நினைவில் மட்டும் இருக்கின்றது. நினைவுடையோர் நம்மிடையே உள்ளபோதே அதை ஏட்டில் ஏற்றுவது உங்கள் கடமை.